குளக்கட்டு வழியே: வன்னியில் மாறும் பருவங்கள்

திங்கள், ஓமந்தை

காலநிலை மாற்றம் பற்றி நம்மவர் பேசும்போது பெரும்பாலும் உருகும் பனிமலைகளும் மூழ்கும் தீவுகளுமே உதாரணமாக வருகின்றன. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையிலான சில மாதங்களுக்குள் பெய்து முடிந்துவிடும் ஒரு நிலத்தில், அந்த மழை இரண்டு வாரம் பிந்தினாலோ ஒரே இரவில் கொட்டித் தீர்த்தாலோ என்ன நடக்கும் என்பதை நாம் அவ்வளவாக எழுதுவதில்லை. மாரி மழையில் விளையும் காலபோக நெல்லின் அறுவடை முடியும் தறுவாயில், இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியைக் குளம் குளமாகச் சென்று பார்த்து, அன்றன்று கண்டதை அன்றன்றே எழுதுவது என்று புறப்பட்டிருக்கிறேன்.

வவுனியாவிலிருந்து வடக்கே ஏ9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பியதும் சிறு குளங்கள் தொடங்கிவிடுகின்றன. இன்று நான் நின்ற குளம் நூறு ஏக்கர் வயலுக்குக்கூடப் பாயாத சிறிய குளம். மேலே ஒரு குளம், அது வான் பாய்ந்தால், அதாவது நிறைந்து வழிந்தால், அந்த நீர் இந்தக் குளத்துக்கு, இது வான் பாய்ந்தால் கீழேயுள்ள குளத்துக்கு என்று ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொடுக்கப்பட்ட வரிசை இது. மழைநீர் கடலுக்குப் போகும் வேகத்தைக் குறைத்து, வழியில் ஐந்தாறு இடங்களில் நிறுத்தி, வயலுக்கும் மாட்டுக்கும் கிணற்றுக்கும் பங்கிட்டு அனுப்பும் ஏற்பாடு. இலங்கையின் வறண்ட வலயத்துக் குளத்தொடர் முறையை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் உலக வேளாண் மரபுரிமையாக அங்கீகரித்திருக்கிறது. அந்த அங்கீகாரத்தைவிட, வயலுக்கு நீர் திறந்துவிடும் ஒரு துருசின் கதவு சரியாக மூடுவதே இங்குள்ள கமக்காரருக்குப் பெரிய காரியம்.

கட்டின் மேல் என்னுடன் நடந்து வந்த முதியவர், கால்போன போக்கில் நடக்காமல் ஓரிடத்தில் நின்று, கட்டின் வெளிச்சரிவில் ஈரம் கசிந்திருந்த ஒரு சாண் அகலப் பகுதியைக் கைத்தடியால் தொட்டுக் காட்டினார். போரால் மக்கள் இடம்பெயர்ந்திருந்த ஆண்டுகளில் கட்டில் மரங்கள் முளைத்துப் பெருத்து, அவற்றின் வேர்கள் மண்ணுக்குள் ஓடியிருக்கின்றன; மரத்தை வெட்டிய பிறகு வேர் உக்கி, அந்த வழியே நீர் வெளியேறுகிறது. மழை மெதுவாகப் பெய்தால் இந்தக் கசிவு ஒரு பிரச்சினையே இல்லை. ஒரே இரவில் நிறைந்தால் கட்டு உடைவது இந்த இடத்தில்தான். “மழை குறைஞ்சு போச்செண்டு சொல்லேலாது தம்பி. முந்திப் பத்து நாள் பெய்யிற மழை இப்ப ஒரு ராத்திரியில பெய்யுது” என்றார்.

அவர் சொன்னதற்குப் பௌதிகத்தில் நேரடியான விளக்கம் உண்டு. காற்று 1 பாகை செல்சியஸ் சூடேறினால் அது ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்க முடியும். அந்த நீராவி மழையாக மாறும்போது கூடுதலாகக் கொட்டுகிறது. மழையில்லாத நாட்களில் அதே சூடான காற்று மண்ணிலும் குளத்திலுமிருந்து கூடுதலாக உறிஞ்சுகிறது. வெள்ளமும் வறட்சியும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள் என்பது விளங்கினால், 2016இன் கடைசியிலும் 2017இலும் நாற்பது ஆண்டுகளில் மிகக் கடுமையானது என்று சொல்லப்பட்ட வறட்சியைக் கண்ட இதே மண் 2018 மார்கழியில் வெள்ளத்தில் மூழ்கியது புதிராகத் தோன்றாது.

செவ்வாய், கனகராயன்குளம் – மாங்குளம்

இன்று காடும் ஆறும். கனகராயன் ஆறு வவுனியாவின் வடக்கே தொடங்கி, வடக்கு நோக்கி ஓடி, இரணைமடுக் குளத்தை நிறைத்து, மிஞ்சியதைச் சுண்டிக்குளம் கடல்நீரேரியில் சேர்க்கிறது. மாசியில் ஆற்றில் நீர் கணுக்கால் அளவுதான். கரையோரத்து மருத மரங்களின் வேர்கள் ஆளுயரத்துக்கு வெளியே தெரிகின்றன. மண் இருந்த இடத்தில் இப்போது வேர் தொங்குகிறது. ஆற்று மணல் அள்ளிச் செல்லப்பட்டதன் அடையாளம் இது. மணல் வெறும் கட்டடப் பொருள் என்று நினைப்பவர்கள், மழை நின்று பல மாதங்களுக்குப் பிறகும் கரையோரக் கிணறுகளில் நீர் இருப்பது அந்த மணல் படுக்கையின் தயவால் என்பதை மறந்துவிடுகிறார்கள். மணல் போனால் ஆற்றுப்படுகை தாழ்கிறது, கிணறு தாழ்கிறது, கரை சரிகிறது, சரிந்த மண் இரணைமடுவின் அடியில் போய்ப் படிகிறது.

காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாட்டில் காட்டுப்பரப்பின் விகிதத்தில் முன்னிற்கும் மாவட்டங்களில் முல்லைத்தீவும் ஒன்று. பாலை, வீரை, முதிரை, கருங்காலி எல்லாம் மிக மெதுவாக வளர்பவை. ஒரு முதிர்ந்த பாலை மரம் வெட்டப்பட்டால் அதன் இடத்தை நிரப்பும் மரத்தை வெட்டியவரின் பேரப்பிள்ளைகள்கூடக் காண்பது அரிது. பல தலைமுறைகளாகக் காற்றிலிருந்து எடுத்துக் கட்டையில் சேர்த்து வைத்த காபன், எரித்தால் ஒரு நாளிலும் உக்கினால் சில ஆண்டுகளிலும் மீண்டும் காற்றுக்குப் போகிறது.

ஆனால் காடு பாதுகாக்கப்படும் விதத்தையும் இங்கே கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. போருக்குப் பின் திரும்பி வந்த மக்களின் பழைய வயல்களும் சிறு குளங்களும் அவர்கள் இல்லாத காலத்தில் பற்றை மண்டி, பின்னர் ஒதுக்கக் காட்டின் எல்லைக்குள் வந்துவிட்டன என்ற முறைப்பாட்டை வன்னியின் எல்லாப் பிரதேசங்களிலும் கேட்கலாம். ஒரு குளத்தைத் திருத்த அனுமதி கிடைக்காமல் கமக்காரர் அலையும் அதே காட்டில் இரவில் மரம் ஏற்றிய வாகனம் போகிறது என்றால், காவல் தவறான பக்கத்தில் நிற்கிறது என்றே நான் கருதுகிறேன். குளத்தைப் பராமரிக்கும் மனிதர்களைக் காட்டின் எதிரிகளாக்கிவிட்டுக் காட்டைக் காப்பாற்ற முடியாது.

புதன், இரணைமடு

காலையில் கிளிநொச்சியிலிருந்து குளக்கட்டுக்குப் போகும் வழியெங்கும் வீதியின் ஒரு பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. படங்கை விரித்து, விளிம்புகளில் கல் வைத்து, பெண்கள் காலால் நெல்லைச் சால் சாலாகக் கோலிக் கிளறிக்கொண்டு நடக்கிறார்கள். ஒரு பிடியை அள்ளிப் பார்த்தேன்; பல மணிகளில் கருமை படிந்திருந்தது, சிலவற்றின் நுனியில் வெள்ளை முளை எட்டிப் பார்த்தது. கதிர் முற்றிச் சாய்ந்த பிறகு தையில் மழை பெய்தால் நெல் வயலிலேயே முளைத்துவிடும். அந்த நெல்லை ஈரப்பதன் கூடியது என்று சொல்லி வியாபாரி விலையைக் குறைக்கிறார். காயவைக்க வசதியும் களஞ்சியமும் இல்லாதவர் குறைந்த விலைக்கே கொடுக்கிறார். மழை பிந்தி வருவதால் ஏற்படும் இழப்பைக் கணக்கிடுவோர், விளைச்சல் குறைவதை மட்டும் பார்க்காமல் விளைந்ததன் விலை குறைவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊருக்கு ஒரு நெல் உலர்த்தி என்பது பெரிய அணைக்கட்டுகளுக்கு ஒதுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய செலவு.

இரணைமடு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட குளம். பின்னர் பல தடவைகள் உயர்த்தப்பட்டது. கடைசிப் புனரமைப்பில் நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்ந்து, கொள்ளளவு ஏறத்தாழ 1,19,500 ஏக்கர் அடியானது. அந்தப் புனரமைப்பு முடிந்து குளம் கையளிக்கப்பட்ட அதே 2018 டிசம்பரில், சில நாட்களுக்குள், ஓர் இரவு மழையில் குளம் நிறைந்து, வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. கதவுகள் எப்போது திறக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற வாதம் அப்போதே எழுந்தது. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. கட்டின் மேல் நின்று பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது வேறு: நீரைச் சேர்த்து வைக்கவே கட்டப்பட்ட குளம் இப்போது வெள்ளத்தைத் தாங்கிக் கொள்ளவும் வேண்டியிருக்கிறது, அந்த இரண்டு வேலைகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை. கோடையில் குளத்து நீரை நம்பி விதைக்கும் சிறுபோகத்துக்கு நீர் வேண்டுமானால் மார்கழியில் குளத்தை நிறைத்து வைக்க வேண்டும்; திடீர் மழையைத் தாங்க வேண்டுமானால் அதே மார்கழியில் இடம் விட்டு வைக்க வேண்டும். பருவம் நம்பத்தக்கதாக இருந்தவரை அனுபவமே இந்த முடிவை எடுத்தது. இனி மேல்நீரேந்து பகுதியில் மழைமானிகளும், நம்பகமான முன்னறிவிப்பும், அதை வாசித்து முடிவெடுக்கும் அதிகாரமுள்ள ஒருவரும் இரவு முழுவதும் விழித்திருக்க வேண்டும்.

குளத்தில் உள்ள நீரைப் பார்த்து, சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது, யார் யாருக்கு எவ்வளவு பங்கு, எந்தத் திகதியில் நீர் திறப்பது என்பதெல்லாம் கமக்காரர் அமைப்புகளும் நீர்ப்பாசனத் திணைக்களமும் மாவட்டச் செயலகமும் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவாகின்றன. நீர் குறைந்த ஆண்டில் காணிக்காரர் எல்லோரும் தத்தம் வயலில் ஒரு பகுதியை மட்டும் விதைக்க ஒப்புக்கொள்கிறார்கள். உலக மாநாடுகளில் இருநூறு நாடுகள் கூடி முடிக்க முடியாத பேச்சை, இவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மண்டபத்தில் முடித்துவிடுகிறார்கள். சண்டையும் நடக்கிறது, ஆனால் முடிவு வருகிறது.

இந்தப் பகிர்வுணர்வுக்கும் எல்லை உண்டு. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டம் எழுந்தபோது கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். குடாநாட்டுக்குத் தாகம் இருந்தது உண்மை. சிறுபோகத்துக்கே போதாத குளத்திலிருந்து எடுப்பது எப்படி என்று இவர்கள் கேட்டதும் உண்மை. கடைசியில் வடமராட்சி கிழக்கின் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீரை வழங்கக்கூடியது. அது மின்சாரத்தை நிறைய உண்ணும். அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால், வறட்சிக்குத் தீர்வு தேடி வறட்சியின் காரணத்தையே வளர்த்தவர்களாவோம்.

மாலையில் வாய்க்கால் ஓரத்து வயல் ஒன்றில் புதிய முறை ஒன்றைப் பற்றிக் கேட்டறிந்தேன். வயலில் எந்நேரமும் நீரை நிறுத்தி வைக்காமல், விட்டு விட்டுப் பாய்ச்சுவது. இதற்குத் தேவையானது, பக்கங்களில் துளையிட்ட ஒரு சாண் குழாய் மட்டுமே. அதை வயலில் புதைத்து, உள்ளே பார்த்தால் நிலத்துக்குக் கீழே நீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். 15 சென்ரிமீற்றர் வரை இறங்கும்வரை பயிருக்குத் தீங்கில்லை, அதன் பிறகு பாய்ச்சினால் போதும். பூக்கும் காலத்தில் மட்டும் நீர் நிற்க வேண்டும். இதனால் நீரில் கால்பங்கு அளவுக்கு மிஞ்சலாம். இன்னொரு பயனும் உண்டு: நீர் தேங்கிய வயலின் சேற்றில் ஒட்சிசன் இல்லாத நிலையில் வாழும் நுண்ணுயிர்கள் மெதேன் வாயுவை உண்டாக்குகின்றன, மனிதச் செயல்களால் வெளிப்படும் மெதேனில் பத்தில் ஒரு பங்கை நெருங்கும் அளவு நெல்வயல்களிலிருந்து வருகிறது. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மெதேன் காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். வயல் இடையிடையே காய்ந்தால் இந்த வாயு பாதியளவு குறையும்.

ஆனாலும், கிளிநொச்சிக் கமக்காரரின் வயலைக் காரணங்களின் பட்டியலில் முன்வரிசையில் வைப்பது அநியாயம். கைத்தொழிற் புரட்சிக்கு முன் வளிமண்டலத்தில் மில்லியனுக்கு 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அதை ஏற்றிவிட்டவை நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் காடழிப்பும். இலங்கையர் ஒருவர் ஆண்டுக்கு வெளியிடுவது ஏறத்தாழ 1 தொன், அமெரிக்கர் ஒருவர் 14 தொன் அளவில். உலகின் மொத்த உமிழ்வில் முழு இலங்கையின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. நீர் மிஞ்சுகிறது என்பதற்காக இந்த முறையைக் கமக்காரர் ஏற்கட்டும். உலகைக் காப்பாற்றும் சுமையை அவர்கள் தலையில் ஏற்ற வேண்டாம்.

வியாழன், பூநகரி

பரந்தனிலிருந்து மேற்கே போகப் போக மரங்கள் குறைந்து பனைகள் மட்டும் மிஞ்சுகின்றன. பூநகரி மொட்டைக்கறுப்பன் அரிசிக்குப் பேர் போன இடம். மழையை மட்டும் நம்பி விதைக்கும் இந்த நெல் விளையக் கூடுதல் நாட்கள் வேண்டும். ஆனால் அதிகப் பசளை கேட்காது. கடலோர வயல்களில் உவர் ஏறுவது இங்குள்ளவர்களின் முதற்கவலை. மாரி பொய்த்த ஆண்டில் நன்னீரின் அழுத்தம் குறைய, கடல்நீர் நிலத்துக்கு அடியில் உள்ளே நகர்கிறது. 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது. அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு 3.7 மில்லிமீற்றர் என்ற வேகத்தில் உயர்கிறது. ஒரு தட்டைச் சமவெளியில் இந்தச் சில அங்குலங்கள் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்பதைப் பூநகரியின் வெளிகளில் நின்று பார்த்தால் புரியும். உவர்நீர்த் தடுப்பணைகள் இங்கே ஆடம்பரமல்ல.

காற்று பற்றியும் எழுத வேண்டும். 2030இல் நாட்டின் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது அரசின் இலக்கு. புத்தளம் நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி நிலையம் ஓடிக்கொண்டிருக்கும் நாட்டில் இது அவசியமான இலக்கு. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலைகளை அமைக்கவிருந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. மன்னாரில் ஏற்கெனவே இருக்கும் காற்றாலைகளுக்கு மேல் புதியவை வேண்டாம் என்று மக்கள் வீதிக்கு வந்ததையும் கண்டோம். அவர்கள் காற்றாலையை வெறுப்பதாக எனக்குத் தெரியவில்லை. மழைநீர் வடியும் வழிகள் அடைபடுமா, மீன்பிடி பாதிக்கப்படுமா, ஆண்டுதோறும் வலசை வரும் பறவைகளின் வழி என்னவாகும் என்ற கேள்விகளுக்கு விடை கேட்டார்கள். பூநகரியில் அடுத்த திட்டம் வரும்போது இந்தக் கேள்விகளுக்கு வரைபடத்திலேயே விடை இருக்க வேண்டும்.

வெள்ளி, முல்லைத்தீவு

வட்டுவாகல் பாலத்தின் ஒரு பக்கம் நந்திக்கடல் நீரேரி, மறுபக்கம் பெருங்கடல். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிக்கும் மரபுள்ள இந்தக் கரையில், நீரின் குணத்தைக் கண்ணால் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோடையில் நீரேரி ஆழம் குறைந்து சூடேறும்போது நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறைகிறது. மீன்கள் செத்துக் கரையொதுங்குவது அப்போதுதான். இறாலை நம்பி வாழும் குடும்பங்களுக்கு அதன் பிறகு சில மாதங்கள் வேறு வேலை தேட வேண்டும்.

வெப்பமண்டல இந்து சமுத்திரத்தின் மேற்பரப்பு 1951க்கும் 2015க்கும் இடையில் ஏறத்தாழ 1 பாகை சூடேறியது. உலகக் கடல்களின் சராசரியைவிட இது வேகமானது. சூடான கடலே புயலின் உணவு. 2008 நவம்பரில் நிஷா, 2020 டிசம்பரில் புரெவி, 2025 நவம்பரில் டித்வா என்று இந்தக் கரை பெயர்களை எண்ணிக்கொண்டிருக்கிறது. டித்வாவில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும் அழிவு மலைநாட்டில். ஒரு தனிப் புயலைக் காட்டி இது காலநிலை மாற்றத்தாலேயே வந்தது என்று சொல்லிவிட முடியாது. சூடான கடலும் ஈரமான காற்றும் ஒவ்வொரு புயலின் கையிலும் கூடுதல் மழையைக் கொடுத்தனுப்புகின்றன என்று சொல்ல முடியும்.

இங்கே அதிகம் பேசப்படுவது 2022 டிசம்பரின் மாண்டஸ். இலங்கையில் கரையேறாத புயல் அது. ஆனால் அதோடு வந்த குளிர்காற்றிலும் மழையிலும் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் இறந்தன. பட்டி மாடுகள் வெட்டவெளியில் படுத்து வளர்ந்தவை. பட்டி வைத்திருக்கும் ஒரு அம்மா, விடியப் போய்ப் பார்த்தபோது கன்றுகள் தாய்மாடுகளின் வயிற்றோடு ஒட்டியபடியே விறைத்துக் கிடந்ததைச் சொன்னார். “மாடு வெயிலுக்குச் செத்தது பாத்திருக்கிறன் பிள்ளை, குளிருக்குச் செத்தது அண்டைக்குத்தான் பாத்தன்.” அதன் பிறகு அவர் தகரத்தால் ஒரு பக்கத்துக் காற்றுமறைப்பு அமைத்திருக்கிறார். மேய்ச்சல் தரை என்று ஒதுக்கப்பட்ட நிலம் ஊருக்கு இல்லை. இருந்தால் நிரந்தரக் கொட்டில் போடலாம் என்கிறார். காலநிலைத் தழுவல் என்று அறிக்கைகளில் எழுதப்படுவது இந்த அம்மாவுக்கு ஒரு காணித்துண்டும் இருபது தகரமும்.

சனி, கட்டுக்கரை

வன்னியின் மேற்குக் கரைக்கு வந்து சேர்ந்தேன். மன்னாரின் கட்டுக்கரைக் குளத்துக்கு அருவி ஆற்றின் நீர், தேக்கம் என்ற இடத்து அணையிலிருந்து வாய்க்கால் வழியே வருகிறது. அந்த ஆறு அநுராதபுரத்தைக் கடந்து வருவது. சிங்களத்தில் மல்வத்து ஓயா. மேலே பெய்யும் மழை இங்கே வெள்ளமாக வந்து சேரும் இடைவெளியில் மக்களுக்குச் செய்தி தமிழில், நேரத்தோடு, கோயில், தேவாலய, பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் வரை போய்ச் சேர வேண்டும். இதற்கு வெளிநாட்டு நிதி எதுவும் தேவையில்லை.

நிதி தேவைப்படும் இடங்களும் உண்டு. 2022இல் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில், காலநிலை மாற்றத்தால் பாதிக்கப்படும் நாடுகளுக்கு உதவும் இழப்புக்கும் சேதத்துக்குமான நிதியம் ஒப்புக்கொள்ளப்பட்டது. அடுத்த ஆண்டு டுபாயில் ஏறத்தாழ 70 கோடி டொலர் உறுதியளிக்கப்பட்டது. உலகின் தேவையோடு ஒப்பிட்டால் இது மிகச் சொற்பம். அதில் ஒரு துளியாவது வன்னிக்கு வர வேண்டுமானால், இங்கே என்ன இழக்கப்பட்டது என்பதற்குச் சான்று வேண்டும். போரில் வீடுகளோடு சேர்ந்து கமக்காரர் அமைப்புகளின் பதிவேடுகளும் போயின. எந்த ஆண்டு எத்தனை ஏக்கர் விதைத்தோம், எப்போது வான் பாய்ந்தது, எத்தனை மூடை கிடைத்தது என்பதெல்லாம் முதியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன.

இங்கே ஒரு கமக்காரர் அமைப்பின் செயலாளர் தம் வளவில் ஒரு மழைமானி வைத்திருக்கிறார். காலை எட்டரைக்கு அளந்து, கோடு போட்ட கொப்பியில் திகதி, மில்லிமீற்றர், காற்றின் திசை ஆகியவற்றை நீல மையில் எழுதுகிறார். வான் பாய்ந்த நாட்களுக்குச் சிவப்பு. பக்கத்து நிரலில் விதைப்புத் திகதியும் அறுவடைத் திகதியும் விற்ற விலையும் இருக்கின்றன. மழையில்லாத நாளிலும் பூச்சியம் என்று எழுதத் தவறுவதில்லை, ஏனெனில் எழுதாத நாளைப் பார்ப்பவர் அளக்காத நாளாகவே கொள்வார் என்றார். பக்கத்துக் குளங்களின் மூன்று அமைப்புகளுக்கு இதே நிரல்களைக் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார். மழைமானி இன்னும் கிடைக்காத ஓர் அமைப்பில், வாய் அகலமான நேர்ப்பக்கத் தகரப் பேணி ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து அடிமட்டத்தால் அளக்கத் தொடங்கிவிட்டார்களாம். ஓமந்தைக்கும் கனகராயன்குளத்துக்கும் அனுப்புவதற்காக அந்தக் கொப்பியின் முதற்பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டேன்; அவரும் அனுப்பச் சொன்னார்.